அண்ணன் கையால் ஒரு சொட்டு

என் மகளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது என் வலது கை விரல் முட்டிகளில் இரத்தம் இருந்தது. அதில் கொஞ்சம் என்னுடையது. மிச்சம் என் மச்சானுடையது.

குடித்திருந்தேன் என்று சொன்னால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும். நான் குடிப்பதில்லை; அன்றும் குடித்திருக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இன்ஜினியராக இருந்தேன். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். தெருவில் யாருக்காவது இங்கிலீஷில் விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். எழுதிக் கொடுத்த அதே கையால் மனைவியை அடித்தேன். எத்தனை முறை என்று நினைவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அவள் அப்போது கர்ப்பமாக இருந்தாள், வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. மத்தியானம் தண்ணீர் லாரி வந்தபோது தூங்கிவிட்டாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து குளிக்கப் போனால் அண்டா காலி. அறைந்தேன். காலிக் குடங்களின் மேல் போய் விழுந்தாள். எழுந்தவள் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் தொட்டுப் பார்த்தாள். குடங்கள் உருண்டு வாசல் வரைக்கும் போயிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிவிட்டு, "காபி போடவா?" என்று கேட்டாள்.

அவளுக்கு அம்மாவும் ஒரு அண்ணனும்தான். நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு. அண்ணன் ஆவடியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். சோடாபுட்டிக் கண்ணாடி, மெலிந்த தோள். ரயிலில் யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் "மாப்ள, மாப்ள" என்று எழுந்து நின்றுதான் பேசுவார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்காது. பயப்படுகிறவர்களைக் கண்டாலே எனக்குக் கை பரபரக்கும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

வலி எடுத்து அம்பத்தூரிலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தோம். ஒரு ராத்திரி முழுக்கக் கத்தினாள். மறுநாள் மத்தியானமும் கத்தினாள். பிறகு கத்தல் நின்றது. அதுதான் பயமாக இருந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, "குழந்தையோட துடிப்பு குறையுது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்" என்றார்.

"நேத்து வரைக்கும் நார்மல்னு சொன்னீங்களே!" நான் பெஞ்சை எட்டி உதைத்தேன். அது சுவரில் மோதி ஒரு கால் உடைந்து சாய்ந்தது. மச்சான் பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்தார், உதறினேன்.

டாக்டரம்மா பெஞ்சைப் பார்த்தார், பிறகு என்னை. "கையெழுத்து போடறீங்களா, கத்தறீங்களா? ரெண்டும் சேத்துப் பண்ண நேரமில்ல."

கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் தன் அம்மாவைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னாள். கழுத்துச் சங்கிலியைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மகளுக்குத் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் ஆயா குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். வாட்டசாட்டமான பொம்பளை, பாடிப் பக்கத்துக்காரி, வாயில் எப்போதும் வெற்றிலை.

"இன்னா சார், மகாலச்சுமி வந்துகீறா, நீ இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிகினு கீற? அம்மா நல்லாகீறாங்க. இன்னும் மயக்கம் தெளியல. பாலு ஊற நேரமாவும். டாக்டரம்மா தண்ணி கிண்ணி ஒண்ணியும் வாயில வைக்கக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க, ஆமா."

சொல்லிவிட்டு ஆயாவே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரும் கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அத்தை ஏற்கெனவே பையிலிருந்து டம்ளரை எடுத்திருந்தார். கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரை. எங்கள் பக்கம் இதைச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது என்போம். அவர்கள் தெற்கிலிருந்து வந்த குடும்பம், சேனை வைப்பது என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். பிறந்த குழந்தையின் நாக்கில் யார் முதல் சொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும். படித்தவன் என்பதால் நான் இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் முன்னால் போய்க் கையை நீட்டினேன். அப்பன் நான்தானே.

அத்தை டம்ளரை என்னிடம் தரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மகனைப் பார்த்து, "நீ வா" என்றார்.

"ஏன், நான் வைக்கக் கூடாதா அத்தை?"

"அவ சொல்லிட்டுத்தான் மாப்ள உள்ள போனா. அண்ணன் கையால வைக்கணும்னு."

"எதுக்கு?"

அத்தை டம்ளரை மகன் பக்கம் நீட்டினார். காரணம் எனக்கே தெரியும். உயிர் போகுமோ என்னவோ என்று ஆபரேஷனுக்குப் போகிறவள், கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அதுதான். என் குணம் குழந்தைக்கு வந்துவிடக் கூடாது.

மச்சான் நடுவில் வந்தார். "அட, விடும்மா. மாப்ள, நீங்களே வைங்க. இதெல்லாம் சும்மா ஒரு சாங்கியம்." சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கி என்னிடம் நீட்டினார்.

அந்தச் சிரிப்பில் இரக்கம் இருந்தது. அடித்தேன். ஒரே குத்துதான், வாயில். கண்ணாடி பறந்தது. அவர் உடைந்த பெஞ்சின் மேல் விழுந்து, அங்கிருந்து தரையில் சரிந்தார். நான் குனிந்து சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொரு முறை அடித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. முன்பல் என் முட்டியில் கிழித்தது. அத்தை என் முதுகில் இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தார்; ஏதோ மழை பெய்வது போலத்தான் இருந்தது.

அவரை விட்டுவிட்டுத் திரும்பி, ஆயாவின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினேன். டம்ளர் தரையில் சாய்ந்து கிடந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் விரலைத் தோய்த்துக் குழந்தையின் வாயில் வைத்தேன்.

அவள் சப்பினாள். பல் இல்லாத அந்த வாய்க்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணைத் திறக்காமல், இந்த விரல் யாருடையது, சற்று முன் என்ன செய்தது என்று எதுவும் தெரியாமல் இழுத்து இழுத்துச் சப்பினாள். உதட்டோரம் சிவப்பாக வழிந்தபோதுதான் என் விரலைப் பார்த்தேன்.

"அய்ய, நீ இன்னா மன்சன்யா! பச்சக் கொயந்த வாயில ரத்தத்த வைக்கிறியே!" ஆயா குழந்தையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மச்சான் தரையில் தடவிக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். ஒரு பக்கம் விரிசல். சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மாவிடம், வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி, "படியில வழுக்கிட்டேன் டாக்டர்" என்றார். டாக்டரம்மா என் கையைப் பார்த்தார். பஞ்சு எடுத்து வரச் சொன்னார்.

அடுத்த சில நாட்கள் நான் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். என்னைத் தடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. என் மனைவி தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தாள். பிறகு தலையணை கொடுத்தார்கள், அதைத் தலைக்கு வைக்காமல் வயிற்றில் அணைத்துக்கொண்டாள். இருமல் வந்தால் அதை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஆயாதான் எழுந்திருக்கக் கற்றுக்கொடுத்தாள். "நேரா எய்ந்திரிக்காத தாயீ. ஒருக்களிச்சுக்கோ. காலத் தொங்கப் போடு. இப்போ என் தோளப் புட்ச்சுக்கோ." கூன் விழுந்த கிழவி மாதிரி, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் போய் வருவாள். தினம் காலையில் வார்டு முழுக்கக் கேட்கும்படி ஆயா ஒரே கேள்விதான் கேட்பாள்: "காத்து பிரிஞ்சுதாம்மா?" காற்று பிரிந்த பிறகுதான் கஞ்சி. அன்றைக்குக் கட்டிலில் தங்கையும் ஸ்டூலில் வாய் வீங்கிய அண்ணனும் ஆளுக்கொரு டம்ளர் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணாத்தைக்கும் கஞ்சி, தங்கச்சிக்கும் கஞ்சி. ஒருத்தருக்கு மேல தையல், ஒருத்தருக்குக் கீய தையல்" என்றாள் ஆயா, என்னைப் பார்த்துக்கொண்டே.

மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் குழந்தையைத் தூக்கக் கை நீட்டும்போதெல்லாம், "இப்பதான் பால் குடிக்கிறா" என்பாள். "இப்பதான் தூங்குனா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கோபம் எனக்கு உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. பிரஸ் மெஷின் மாதிரி. மேலே போகும்போது சத்தம் இருக்காது.

ஒரு மத்தியானம் அத்தை துணி துவைக்கப் பின்பக்கம் போயிருந்தார். மச்சான் கடைக்குப் போயிருந்தார். தொட்டிலிலிருந்து நானே குழந்தையை எடுத்தேன்.

"வைங்க" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

"ஏன்? என் குணம் ஒட்டிக்குமா?"

"ஆமா."

ஒரே வார்த்தை. கல்யாணமாகி அவள் என்னை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். பூந்தமல்லியில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. பாலுக்கு என்ன செய்வது என்றெல்லாம் யோசிக்கவில்லை. என்னை வேண்டாம் என்றவளுக்கு இது புரிய வேண்டும், அவ்வளவுதான்.

தாழ்வாரத்தில் பாதி தூரம் போனபோது பின்னால் காலடி கேட்டது. ஒருக்களிக்காமல், யார் தோளையும் பிடிக்காமல், நேராக எழுந்து வந்திருந்தாள். என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். நான் திரும்பாமலே முழங்கையை வீசினேன். எங்கே படும் என்று தெரியாது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். அவள் குனிந்துதான் நடப்பாள், அவள் வயிறு எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

'ஹக்' என்று ஒரு சத்தம். அழுகையில்லை. திரும்பிப் பார்த்தேன். நைட்டியில் வயிற்றுக்குக் கீழே ஒரு சிவப்பு, முதலில் உள்ளங்கை அளவு, பிறகு தொடை வரைக்கும். பிரஸ் ஷாப்பில் விரல் போனவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இரத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனால் குழந்தை என் கையிலிருந்து நழுவுவதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "அவள கீழ போட்டுறாதீங்க. எங்கிட்ட குடுங்க. மொதல்ல அவள குடுங்க."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் துணியிலும் சிவப்பு ஏறியது.

ஆயா பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தோடு வந்தாள். துடைப்பத்தாலேயே என்னை அடித்தாள். முகத்தில், கழுத்தில், குறுக்கிக்கொண்டபோது முதுகில். "பெத்த வயித்துல அட்ச்சியே, பாவி, பெத்த வயித்துல அட்ச்சியே!" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னாள். வார்டுக் கதவுகளில் பெண்கள் நின்று பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. என் மச்சான் ஏன் கையை உயர்த்தவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன்; அவரும் நானும் ஒன்றல்ல என்பதும் உடனே தெரிந்தது.

மறுபடி தையல் போட்டார்கள். உள் தையல் தப்பித்தது, வெளித் தையல்தான் பிரிந்திருந்தது. "போலீசுக்குச் சொல்லணும், நீ என்னம்மா சொல்ற?" என்று டாக்டரம்மா என் முன்னாலேயே அவளிடம் கேட்டார். "வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்றாள். அண்ணன் படியில், தங்கை தாழ்வாரத்தில். என்னால் அந்தக் குடும்பமே விழுந்து எழுந்தது.

அங்கிருந்து நேராக நெமிலிச்சேரிக்குப் போனாள். அம்பத்தூர் வீட்டுக்கு அவள் திரும்பவே இல்லை. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலேறிப் போவேன். கதவைத் திறப்பது மச்சான்தான். முன்பல் ஒன்று போய்விட்டதால் "வாங்க மாப்ள" என்பதில் காற்று கலந்து வரும். உட்காரச் சொல்வார், காபி தருவார். உள்ளறையில் அவள் இருமுவது கேட்கும். தையல் சீழ் பிடித்திருக்கிறது என்று அத்தை கதவைப் பார்த்துச் சொல்வார், என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற எதையும் செய்ய முடியவில்லை. வெந்நீரை வயிற்றில் அடித்து ஊற்ற முடியாது, துணியை இறுக்கிக் கட்ட முடியாது. பச்சைப் புண். குழந்தை அழும். ஓயும். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வருவேன்.

அப்படிப் பல வாரங்கள். ஒரு ஞாயிறு அவளே வெளியே வந்தாள். நிமிர்ந்து நடந்து வந்தாள். குழந்தை அண்ணன் கையில் இருந்தது.

"கையக் காட்டுங்க."

நீட்டினேன். கடையில் பாத்திரம் வாங்குகிறவள் மாதிரி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முட்டியில் மச்சானின் பல் கிழித்த தழும்பில் ஒரு கணம் பார்வை நின்றது. "கழுவிட்டு வாங்க."

பம்பில் கழுவிவிட்டு வந்தேன். நாற்காலியைக் காட்டாமல் தரையைக் காட்டினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மச்சான் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தினார். எதிரே அத்தை அரிவாள்மனையில் பால் சுறா நறுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதில் புட்டு செய்து கொடுப்பார்கள்.

"எந்திரிம்மா, நான் நறுக்கறேன்."

"தையல் போட்டவ கீழ உக்காரக் கூடாதுடி."

"எந்திரி."

அவள் அரிவாள்மனைக்குப் பின்னால், என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். "அவ அழுதா அண்ணங்கிட்ட குடுக்கணும். நீங்க எந்திரிக்கக் கூடாது."

"சரி."

"எந்திரிச்சீங்கன்னா…" மீனின் தலை தனியாக விழுந்தது.

குழந்தை என் விரலைப் பிடித்தாள். அதே விரல். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "அன்னிக்கு நான் சர்க்கரைத் தண்ணி வச்சப்ப…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். ஆயா சொன்னாங்க." மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "உங்க கையில இருந்தது அண்ணன் ரத்தம். அதான் மொதல்ல உள்ள போச்சு. நான் கேட்டது நடந்துருச்சு."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், பல் போன இடைவெளியில் விசில் மாதிரி வெளியே வந்தது. அதைக் கேட்டு அவளுக்கும் வந்தது. மீன் கையோடு புறங்கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தாள். அத்தைகூடச் சிரித்தார்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குக் காதுக்குள் அடைத்தது. தாடை இறுகியது. தோளிலிருந்து அது இறங்கி வருவது எனக்குத் தெரியும். முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். வலது கை மூட ஆரம்பித்தது. அந்தக் கைக்குள் என் மகளின் கால் இருந்தது.

குழந்தை வீரிட்டு அழுதாள். நான் எழுந்திருக்கவில்லை.

"மச்சான்," என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. "மச்சான், வாங்கிக்குங்க. சீக்கிரம்."

அவர் உடனே வாங்கிக்கொண்டார். கெண்டைக்காலில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவள் அந்தக் காலைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அரிவாள்மனையைக் காலால் அழுத்தியபடியே வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு அடுத்த துண்டை எடுத்தாள்.

"அடுத்த ஞாயிறு வாங்க" என்றாள். "கை கழுவிட்டு."